தட்டுவடை இல்லாத செட்டு

ஆனைமேட்டில், பாலத்தை ஒட்டி,
ஐந்து மணிக்கு எங்கள் வண்டி நிற்கும்.
ராமலிங்கம் சட்னி தடவுவார். நான் துருவுவேன்.
பீட்ரூட் மூன்று கிலோ, கேரட் இரண்டு.
விரல் சிவப்பு
தலைக்கு ஊற்றினாலும் போகாது.

இடது பக்கம் எடுத்தபோது
அக்குளில் இருந்து பதினேழு கணுக்களையும் எடுத்தார்கள்.
எண்ணி எழுதியிருந்தது, நகைக்கடை ரசீது மாதிரி.
நாலாம் மாதம் வளையல் கழலவில்லை.
ஏழாம் மாதம்
என்னைவிடப் பருத்த எவளிடமோ
இரவல் வாங்கி மாட்டிய கை.

நிணநீர், என்றாள் பிசியோதெரபி ஹசீனா.
நாற்பத்தாறு வயதில் எனக்கொரு புதுச் சொல்.
ரத்தத்துக்கு இதயம் இருக்குங்க,
இதுக்குன்னு தனியா ஒண்ணு கிடையாது,
நீங்க அசைஞ்சாத்தான் அது நல்லா அசையும்.
எனக்குத் திருமணிமுத்தாறு ஞாபகம் வந்தது.
சேர்வராயனில் புறப்படும்போது தண்ணீர்தான் அது.
எங்கள் வண்டிக்குப் பின்னால் வந்து சேரும்போது
வழி கேட்டு நிற்கிற ஒன்று.

என்ன சாப்பிடட்டும் என்றேன்.
மலைத்தேன், ஏதாவது கிழங்கு,
பேர் தெரியாத ஒரு வேர்,
கடன் வாங்கியாவது வாங்கலாம் என்றிருந்தேன்.
சீட்டின் பின்பக்கம் எழுதினாள்:
கீரை. பாசிப்பயறு. எலுமிச்சை. காய் நிறைய.
உப்பு கம்மி, பொரித்தது கம்மி.
என்ன வேலை பார்க்கிறீங்க?
சொன்னேன்.
பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள்.
நானும்.
இதெல்லாம் தின்னா கை வடிஞ்சிராதுங்க,
அதுக்குப் பாரத்தைக் கூட்டாம இருக்கும், அவ்வளவுதான்.

அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது.
ஊற்றினால்தானே வீங்கும் என்று
நாளைக்கு அரைச் சொம்புதான் குடித்துக்கொண்டிருந்தேன்.
எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டாள்.
இப்போது ராமலிங்கம்
மணிக்கொருதரம், பேசாமல்,
முழங்கையால் பாட்டிலை என் பக்கம் தள்ளுகிறார்.

எட்டரைக்குக் கூட்டம் குறைந்ததும் என் தட்டு.
கீழேயும் இல்லை மேலேயும் இல்லை தட்டுவடை.
துருவல், வெங்காயம், கிள்ளிப் போட்ட புதினா,
டிபன் பாக்ஸில் முளைகட்டிய பயறு,
அரை மூடி எலுமிச்சை.
உப்பில்லாத பீட்ரூட் முதல் வாரம் வெறும் மண்.
மூன்றாம் வாரம் தித்தித்தது.
பதினொரு வருஷமாய் மூட்டை மூட்டையாய்த் துருவுகிறேன்,
அது இனிப்பென்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஐப்பசியில் ஒருத்தி.
ஏற்காட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள்,
காப்பி எஸ்டேட் ஸ்வெட்டர்.
கை கழுவச் சுருட்டியபோது உள்ளே
என்னுடையது போலவே இறுக்கு உறை.
தோல் நிறம் என்று விற்பார்கள்,
யார் தோலுக்கும் பொருந்தாத நிறம்.
ஒரு செட்டு, என்றாள்.
என் தட்டைப் பார்த்தாள்.
இல்லைங்க, நீங்க சாப்பிடறது.

அதுக்கு விலை போடலைங்களே, என்றார் ராமலிங்கம்.
பையைத் துழாவி இரண்டு ஆரஞ்சு வைத்தாள்,
தோல் தொளதொளத்த, சின்ன, மலை ஆரஞ்சு.
உரிக்கையில் நகம் கீறாமல் பார்த்துக்கொண்டாள்.
அந்தக் கையில் சின்னக் கீறலும் கூடாது.
எனக்கும் அதே சட்டம்தான்,
அதனால்தான் துருவலை வலது கை பார்த்துக்கொள்கிறது.

எத்தனை? என்றாள், சுளையை நீட்டியபடி.
பதினேழு.
எனக்குப் பன்னெண்டு.

இரண்டு ஆரஞ்சுக்கு
இதென்ன பேரம் என்று ராமலிங்கம்
எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

பேர் பிலோமின் என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது.
அன்றைக்கு, தின்று முடித்து,
நான் இடது கையைத் தூக்கி
வண்டியின் கூரைக் கம்பியைப் பிடித்தேன்.
அவள் வலது கையைத் தூக்கிப் பிடித்தாள்.
பஸ்ஸில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி
விரலை மடக்கி, நீட்டி, மடக்கி
கொஞ்ச நேரம் நின்றோம்.

கடைசி பஸ் இன்னும் வரவில்லை.