எள்ளளவு

மைனஸ் முப்பத்தொன்று. உலான்பத்தாரின் கரிப்புகைக்குள்
ஹோர்லோவின் டாக்சி முதல் இரண்டு நொடி
தகர டப்பாவில் ஆணி குலுக்கியதுபோல் கடகடத்தது.
பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அமைதி.

"சமதரையில் குதிரை, துல்மா.
ஜைசான் ஏற்றத்தில் கிழ ஒட்டகம்."
பிளக் நான்கும் புதிது.
பெட்ரோல் பங்க்காரனோடு சண்டையும் போட்டாயிற்று.

மூடியைக் கழற்றினேன்.
கேம் தண்டின் முனையில் அந்தப் பற்சக்கரம்:
எண்ணெய் தள்ளினால் சில டிகிரி முந்தும்,
தளர்ந்தால் பிந்தும்.
வால்வு எப்போது வாய் திறக்கலாம் என்பதை
வேகம் பார்த்து மாற்றிச் சொல்வது அதன் வேலை.
நெரிசலில் ஊர்கையில் ஒரு மூச்சு,
வெளிச்சாலையில் விரட்டுகையில் வேறு மூச்சு.
இதுவோ,
எந்த மனுவுக்கும் "நாளைக்கு வா" என்கிற குமாஸ்தாபோல
ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

எண்ணெய் வரும் வழியில் ஒரு சல்லடை,
சுண்டுவிரல் நகம்தான் இருக்கும்.
விளக்கில் பிடித்தேன்.
கண்ணிகளில் சாம்பல் நிறத் துணுக்கு, எள்ளளவு.
நசுக்கினால் ரப்பர்போல் வளைந்தது.

சிலிகான் பசை.
போன செப்டம்பரில், இதே மூடிக்கு,
ஒழுகிவிடக் கூடாதென்று
நான் தாராளமாய் இழுவியது.

அடுப்பருகே உப்புத் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார் ஹோர்லோ.
"பெட்ரோல்தானே?"
ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தது.
மூடிக்கொண்டேன்.
மறுபடி திறந்தபோது
கொஞ்சம் பிந்தியிருந்தது.
"இல்லை. என் கை."

அவர் திட்டவில்லை.
துணுக்கை வாங்கித் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்,
பங்க்காரனிடம் காட்ட.