3000 ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது

சாஸ்கட்டூன். மைனஸ் முப்பத்தொன்று.
அடித்தள அறையில் லேப்டாப்பின் விசிறி
இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறது.
சூடு வரும் பக்கமாகப் படுத்திருக்கிறது
வீட்டுக்காரி ஒக்சானாவின் பூனை.

திரை மூலையில் குட்டிப் பச்சைப் புள்ளி.
அழுத்தினேன்.
யார் யார் விழித்திருக்கிறார்கள் என்று பட்டியல் விரிந்தது.

3000: உணவு வங்கிக்குச் செய்துதருவதாகச் சொன்ன தளம்.
பதினொரு நாள், நாலு மணி நேரம்.
5173: எதற்கென்று ஞாபகமில்லை.
8080: இளவேனிலும் நானும் தொடங்கிய பஸ் ஆப்.
அவள் கால்கரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.
இது இன்னும் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறது,
யாராவது வந்து
அடுத்த பஸ் எப்போது என்று கேட்பார்களென.

கேட்டேன்.
ஆறு நிமிடம் என்றது.
போன மார்ச் மாதத்து ஆறு நிமிடம்.

பொத்தானில் 'கொல்' என்றுதான் எழுதியிருக்கிறது.
பழகிய கை,
மூன்றையும் அழுத்தியது.

விசிறி இறங்கியது.
இவ்வளவு சத்தத்திலா இருந்தேன்?

பூனை தலை தூக்கியது.
மூடியில் பாதம் வைத்துப் பார்த்தது.
என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு
மாடிக்குப் போய்விட்டது.

விரல் விறைக்கத் தொடங்கியதும்
3000ஐ மட்டும் திரும்ப எழுப்பினேன்.
உணவு வங்கியில்
வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.
எந்த வெள்ளி என்று
அவர்கள் இன்னும் கேட்கவில்லை.