ஆறங்குலம்

நிஸ்வா வெள்ளிக்கிழமைச் சந்தையில்
ஆட்டுப் புழுதி அடங்கிய பிறகுதான்
ஷம்ஸா வந்தாள்,
கம்பளியில் சுருட்டிய மார்ட்டினி-ஹென்றியோடு.

ஏலக் கம்பெனிக்கு மதிப்புப் போடுகிறவன் நான்.
ஊர் சிவகாசி. வெடிமருந்து வாசனை பழக்கம்,
துப்பாக்கி படித்தது மஸ்கட்டில்.

லென்ஸுக்குள் கிரீடம். கீழே வி.ஆர்.,
என்ஃபீல்டு, 1886.
நெம்பியை இழுத்ததும் டக்கென்று வாய் திறந்தது.
இதுவரை ராணுவம்.
இதற்குமேல் யாரோ ஒரு தச்சன்:
முன்கட்டை இலந்தை மரம்,
பூண் ஐந்தில் நான்கு வெள்ளி,
ஒன்று பால்பவுடர் டின்.

குழலை அளந்தேன். இருபத்தேழு.
திரும்ப அளந்தேன்.
முப்பத்து மூன்று இருக்கவேண்டும்.
நுனியில் ரம்பப் பல், கோணலாக.

"அறுத்துவிட்டார்கள். பாதி விலை போய்விட்டது."
எனக்குத் தெரிந்த அரபி
விலை சொல்லும் அரபி மட்டும்.

"எங்கே போனது? வீட்டில்தான் இருக்கிறது.
அடுப்பு ஊதுகிறேன்."

அப்போதுதான் பார்த்தேன்
அவள் இடது புருவம் பாதி கருகியிருந்ததை.

ஒட்டகத்தில் இடிக்கிறதென்று மாமனார் அறுத்தாராம்.
மிச்சக் குழல் யாரைச் சுட்டதோ தெரியாது.
அந்த ஆறங்குலம்
நாற்பது வருஷமாக ரொட்டி சுடுகிறது.

படிவத்தில் எழுதினேன்:
குழல் குறுக்கப்பட்டது. முன்னூற்று நாற்பது ரியால்.
"முழுசாக இருந்திருந்தால் இரண்டு மடங்கு" என்றேன்.

கம்பளியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்,
"முழுசாக இருந்தால்
நான் எதில் ஊதுவது?"

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில்
பென்சிலால் 'ரொட்டி' என்று எழுதி
அழித்தேன். சரியாக அழியவில்லை.