சுக்குக் காப்பி

வீரப்பன்சத்திரத்தில் எங்கள் அறைக்குக் கீழே
பன்னிரண்டு தறிகள்.
ஜெபத்தையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.
கர்த்தருக்குக் கேட்டிருக்கும்,
பக்கத்தில் மண்டியிட்டிருந்த கொல்லபல்லிக்குக்
கேட்டிருக்காது.

எனக்குப் பத்தொன்பது வயது.
சட்டைப் பையின் மேல் கறுப்பு வில்லையில்
எல்டர் ஹாட்ச்.
அவனுக்கு இருபது. அவனும் எல்டர்.
"ஒரே பேரா இருக்குதுங்களே,
அண்ணன் தம்பியுங்களா?" என்றார்
தறிக்காரர் கலாமணி அக்கா,
என்னை ஒரு முறை அவனை ஒரு முறை பார்த்து
சந்தேகம் தீராமல்.

கொல்லபல்லி ராஜமுந்திரிக்காரன்,
தமிழில் ஒரு சொல் வராது.
கடையில் எல்லோரும் அவனிடமே பேசுவார்கள்.
ஐடஹோவிலிருந்து வந்தவன் நான் குறுக்கிட்டு
"அரைக் கிலோ தக்காளிங்க,
கொஞ்சம் கருவேப்பிலை போடுங்க" என்றால்
கடைக்காரர் அவனைத்தான் முறைப்பார்,
வேண்டுமென்றே வாய் திறக்காதவனை.

ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்கக் கூடாது.
அவன் முடிவெட்டிக்கொண்டால்
நான் அடுத்த நாற்காலியில்.
"ரெட்டைக் காளையாட்டத் திரியறீங்க,
நொகத்தடியக் காணோமே" என்பார் அக்கா.

யாராவது கேட்டாலொழிய
விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதில்லை நாங்கள்.
பத்து மாதமாக யாரும் கேட்கவில்லை.
மற்றதெல்லாம் கேட்டார்கள்.
சம்பளம் எவ்வளவு.
பொண்ணு பாத்தாச்சா.
பூமி எத்தனை ஏக்கரா, போர் எத்தனை அடி.
திங்கட்கிழமை அப்பாவிடம் விசாரித்து
நூற்றிருபது அடி என்றேன்.
ஆயிரத்து முந்நூறில் புழுதி கண்ட ஒருவர்
எழுந்து போய்விட்டார்.

"காப்பி?" வேண்டாங்க.
"டீத்தண்ணி?" அதுவும் வேண்டாங்க.
"பாவம், இந்த வயசுலயே சக்கரையாட்ட இருக்குது."
பிறகு ஒரு நாள் சுக்குக் காப்பி வந்தது.
பேருதான் காப்பிங்க, கொட்டை கெடையாது.
பெங்களூருக்குப் போன் போட்டேன்.
கொட்டை இல்லையென்றால் ஏன் காப்பி என்கிறார்கள்?
தெரியாது, சார்.
அந்தப் பக்கம் நெடுநேரம் மௌனம்.
குடி என்று வந்தது உத்தரவு.

"நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்றார் அக்கா.
கேட்டேவிட்டார்! கொல்லபல்லியை இடித்தேன்.
"ஞாயித்துக்கிழமை கூட்டமுங்க, பத்து மணிக்கு."
தறிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு நூல் அறுந்தது.
அவர் கேட்டது குலம்.
செம்பன், கண்ணன், அந்துவன் மாதிரி.
சரி என்று என் அப்பாவிலிருந்து தொடங்கினேன்.
தாத்தா, அவர் அப்பா, அவருக்கு அப்பா,
பனியில் கைவண்டி இழுத்து வந்தவர்,
கப்பலேறியவர்,
கப்பலேறாமல் செத்தவர்.
ஒன்பது பேர்.
விரல் மடக்கிக்கொண்டே வந்த அக்கா
இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்து
முகம் துடைத்தார்.
"எங்களதுல அஞ்சுக்கு மேல ஆருக்கும் தெரியாது.
செத்தவங்க பேரையெல்லாம் வெச்சு
என்னங்க பண்ணுவீங்க?"

அப்போது கரண்டு போனது.

இந்தத் தெருவில் அமைதியை
நான் கேட்டதேயில்லை.
எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன்.
பழக்கத்தில் கத்திவிட்டேன்.
பேர்களை எழுதி வைப்போம்,
அவர்களுக்காகக் கோயிலில்...
அக்கா கையமர்த்தினார்.

"எனக்கு மொதல்ல ஒண்ணு பொறந்துச்சுங்க.
மூணு நாளு.
பேரு வெக்கறதுக்குள்ள போயிருச்சு.
பேரில்லாட்டி எழுத மாட்டீங்களா?"

சின்னக் குழந்தைகளுக்கு எந்தச் சடங்கும் வேண்டாம்,
அவர்கள் முன்பே அங்கே இருக்கிறார்கள்
என்பது எங்கள் நம்பிக்கை.
பதில் இருந்தது. அதற்கான தமிழ் இல்லை.
'உயிர்த்தெழுதல்' பிழையில்லாமல் வரும்,
'முன்பே' என்பது அந்த நேரத்தில் வரவில்லை.

ஒரு சொல்லும் புரியாத கொல்லபல்லி
தன் டம்ளரை
அக்காவின் பக்கம் நகர்த்தி வைத்தான்.

சொல் கிடைத்தது. சொல்லத் தொடங்கினேன்.
பன்னிரண்டு தறியும் ஒன்றாக எழுந்தன.

"என்னங்க?" என்று காதருகே கை குவித்தார்.

"சுக்கு நல்லா இருக்குதுங்க!"
என்று கத்தினேன்.