ஐந்தாம் வகுப்பு

"எந்த வகுப்பு?" என்றார் வக்கீல் ஜெசிந்தா.
எட்டாவது என்றேன்,
அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை.
கே.கே. நகர் மாடியில் மின்விசிறி கடகடத்தது.
அவர் சிரிக்கவில்லை.
அதற்காகவே வேலையை அவரிடம் கொடுத்தேன்.

"உங்களுக்கு இல்லக்கா, பினாயிலுக்கு.
கிருமிநாசினி ஐந்தாம் வகுப்பு.
சோப்பு விற்றால் மூன்று."

மதுரை மல்லிகைப் பினாயில் என்று பதியலாமா?
மதுரை தர மாட்டார்கள், அது ஊர்.
மல்லிகை அந்தத் தண்ணீரின் வாசனை,
பினாயில் அதன் பெயர்.
எல்லாம் எல்லாருடையதுமாம்.
கழித்துக் கழித்து
மேஜையில் என் லேபிள் மட்டும் கிடந்தது:
நிரைமதி.

சிவகாசி அச்சகத்துக்கு
தீப்பெட்டி அட்டையின் பின்பக்கம்
நானே எழுதிக் கொடுத்தது.
முழு நிலாவைத்தான் நினைத்தேன்.
கை சின்ன ர போட்டுவிட்டது.
ஐயாயிரம் லேபிள்,
திருப்பி அடிக்கக் காசில்லை,
ஒட்டினேன்.
வில்லாபுரம் ஷெட்டில் பதின்மூன்று வருஷமாய்
ஒட்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஜெசிந்தா அகராதியைப் புரட்டினார்.
நிரை என்றால் வரிசையாம்.
வரிசை வரிசையாய் நிலாக்கள்!
ராத்திரி ஷெட்டில் வெள்ளை மூடிகள் அப்படித்தான் நிற்கும்.
தெரிந்தேதான் எழுதினேன் என்று
பிரமாணப் பத்திரத்தில் சேர்க்கலாமா?
"கூடாது. பொய்ச் சத்தியம்."

போன ஐப்பசியில்
சோழவந்தான் பஸ் ஸ்டாண்டுக் கடையில் பார்த்தேன்.
என் மூடி, என் நிலா, என் பாட்டிலின் இடுப்பு.
விலை நாலு ரூபாய் குறைவு.
பெரிய ற போட்டிருந்தான்.
களவாண்டவன் தமிழ் படித்தவன்.
கடைக்கார சிக்கந்தர் சொன்னார்:
"ஆஸ்பத்திரியில கூட்டுற பிள்ளைக
தப்பா எழுதினதக் குடுன்னுதான் கேக்குதுக."

அந்த ஒரு வரியைக் கடிதமாய் வாங்கப்
பத்து நாள் அலைந்தேன்.

பிறகு பில்.
முதன்முதலில் எப்போது விற்றீர்கள், காட்டுங்கள்.
உரச்சாக்கில் கிடந்த பில் புத்தகங்களை
ஒவ்வொன்றாய் உதறினேன்.
கரப்பான்கூட அண்டாத வீச்சம்.
கிடைத்தது:
திருமங்கலம் கல்யாண மண்டபம், ஆறு கேன்,
அதன் முதுகில் மேனேஜர் போட்ட
வாழை இலைக் கணக்கு.
யாருடைய கல்யாணமோ,
நல்லா இருக்கட்டும்.

கோர்ட்டு வாசலில் டைப் அடித்த ஞானதுரை
நல்ல மனுஷன்.
"எழுத்துப்பிழை இருந்துச்சும்மா,
மூணு இடத்துலயும் திருத்திட்டேன்" என்றார்.
உயிர் நின்றுவிட்டது.
ஐயா, அந்தப் பிழை ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு.
திருப்பி அடிங்க.
அவர் அடித்தார்,
வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

இப்போது மனு நிற்கிறது.
ஆட்சேபம் வரும் என்கிறார்கள்,
அதற்குப் பதில் எழுத வேண்டும்,
பின்பு ஜர்னலில் போட்டு நாலு மாதம்
யாரும் எதிர்க்கலாம்.
சோழவந்தான்காரனும் எதிர்ப்பான்.

நேற்று சிவகாசியிலிருந்து போன்.
"வட்டத்துக்குள்ள ஆர் போட்டுரவா, கெத்தா இருக்கும்?"
வேண்டாம், பதிவாகாமல் போட்டால் குற்றம்.
டி.எம். போதும்,
நிலாவுக்கு மேலே, பொடி எழுத்தில்.
வைக்கப் போனவரை நிறுத்திச் சொன்னேன்:
அண்ணே, எழுத்தைப் பார்த்துப் போடுங்க,
சரியா வந்துறப் போகுது.