பிரேக்கைத் தளர்த்தும்போது

யங்ஸ்டவுன். வருடத்துக்கு ஒருமுறை
லிஃப்டைச் சோதிக்க வருகிறேன்.
பதினேழு பொத்தானில் எரிவது நான்கு:
பல் மருத்துவர், வரிக் கணக்கர்,
கட்சிக்காரர் வராத வழக்கறிஞர், மொட்டைமாடி.

பித்தளைத் தகட்டில் பதினாறு பேர் என்றிருக்கிறது.
ஆலை ஓடிய காலத்தில்
இருபது பேர் மூச்சை அடக்கி ஏறுவார்களாம்.
காவலாளி கோவாச் சொன்னது,
அவரும் பார்த்ததில்லை.

உச்சியில் நின்றால் ஆறு தெரிகிறது.
உலைகள் இருந்த இடத்தில் புல்,
நடுவே
கதவு திறந்த ஒரு டிரக்.
வேடிக்கை பார்க்க நேரமில்லை,
ஐந்து மணிக்குள் க்ளீவ்லாந்து.

இயந்திர அறைக்குத் திரும்பி
பிரேக்கைத் தளர்த்துகிறேன்.
எதிர் எடைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
பாதிக் கூட்டமாவது உள்ளே நிற்குமென்று
இன்னும் கணக்கு வைத்திருக்கிறது.

யாருமில்லாத பெட்டி
தானாக
மேலே போகிறது.

படிவத்தில் டிக் அடித்தேன்.
இன்னும் ஓராண்டு.