சீனிக் கொப்பி

மகளின் பழைய எட்டாம் ஆண்டுக் கணக்குக் கொப்பி,
பாதிக்குப் பிறகு வெறும் சதுரங்கள்.
அதில் தொடங்கினேன்.
மாசி நாலு. வெறுவயிற்றில் 212.
நிறை 84.
இடுப்பு எழுதவில்லை.
தையல் நாடாவை எலி கொண்டுபோய்விட்டது
என்று கிளினிக்கில் சொன்னேன்.
மிஸ்ஸி சிரிக்கவில்லை.
"காலைக் காப்பாத்த விருப்பமெண்டால் நடவுங்கோ அக்கா.
அரை மணித்தியாலம். கைவீசி."

கைவீசி நடப்பதுதான் கஷ்டம்.
வெறுங்கையோடு போகிற பெண்ணை
எங்கே என்று கேட்பார்கள்.
முதல் கிழமை ஒரு வாளி கொண்டுபோனேன்.
வவுனிக்குளக் கட்டில், கருக்கலில்,
வெறும் வாளியோடு போய்
வெறும் வாளியோடு வந்தேன்.
வலை இழுக்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்,
பாவம், இவளுக்கு ஒருநாளும் மீன் கிடைப்பதில்லை.

பங்குனி. துருசடி வரை. இரண்டு இடத்தில் நின்றேன்.
மல்லாவியில் சப்பாத்து வாங்கினேன், ஆம்பிளைகளுடையது,
என் காலுக்குப் பெண்களுடையதில் அளவில்லை.
சோறு ஒரு அகப்பை.
(பொய். அன்றைக்குச் சாமத்திய வீடு.)
குரக்கன் பிட்டு. சீனியில்லாத தேத்தண்ணி,
அதைக் குடிக்கும்போது என் முகத்தைப் பார்த்து
பக்கத்து வீட்டு யோகமலர் கேட்டாள்,
"ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?"
மறுநாள் அவளும் வந்தாள்.
நடையைவிட அவள் கதை வேகம்.
வாளியை மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.
"இதை வீட்டில வையுங்கோ அக்கா. கேட்டால் நான் பதில் சொல்லுறன்."

வைகாசியில் தங்கை கனடாவிலிருந்து
கைக்கடிகாரம் ஒன்று அனுப்பினாள்.
அடிகளை எண்ணுகிறது. 6112.
அந்த எண்ணைப் பார்த்தபடி கட்டில் நின்றுவிட்டேன்.
இங்கிருந்து கிழக்கே, ஒவ்வொரு ஊராக,
இடுப்பில் பிள்ளை, தலையில் பாய்
என்று நடந்த மாதங்களில்
ஆர் எண்ணினது?

மெலிவாகத்தான் இருந்தேன் அப்போது.
முகாமில் நிறுத்தார்கள், நாற்பத்தொன்று.
இடது தொடைக்குள் இருக்கிற துண்டையும் சேர்த்து.
அதன் பிறகு தின்ற ஒவ்வொரு கவளமும்
அந்த நாற்பத்தொன்றுக்குச் சொன்ன பதில்.
அதனால் இந்த வயிற்றைத் திட்ட மனம் வருவதில்லை.
திரும்பவும் அப்படி ஒன்று வந்தாலும் என்று
எனக்காகச் சேர்த்து வைத்தது, பாவம்.
இனிக் காணும், இனிக் காணும் என்று
அதற்குச் சொல்லிச் சொல்லி நடக்கிறேன்.
ஒரு கிலோ இறங்கப் பதினெட்டு நாள் எடுக்கிறது.
நம்பப் பயப்படுகிற பிள்ளைபோல.

ஆனி, ஆடி: சில பக்கங்களில் ஒன்றுமில்லை.
காய்ச்சல். பிறகு சோம்பல். பிறகு
சோம்பலுக்கு வெட்கம்.

ஆவணி பதினேழு.
மருதமரத்திலிருந்து மதகு வரை ஓடினேன்.
நாற்பது யார் இருக்கும்.
ஏன் ஓடினேன் தெரியாது, கால் கேட்டது.
நின்றதும் திரும்பிப் பார்த்தேன், பழக்கம்.
நீர்க்காகம் ஒன்று பட்டமரத்தில் செட்டை விரித்திருந்தது.
யோகமலர் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி
"பொறுங்கோ, பொறுங்கோ" என்று வந்துகொண்டிருந்தாள்.
வேறொன்றும் வரவில்லை.
நெஞ்சு அடித்தது. அது வெறும் அடிப்பு.
இப்படியும் ஓடலாம் என்று
நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

கொப்பியின் எதிர்ப்பக்கத்தில்
மகள் பாதியில் விட்ட கணக்கு:
தெரியாக் கணியத்தைக் காண்க.
அதன் கீழ் அன்றைக்கு எழுதினேன்: ஓட்டம், 40 யார்.
சரியென்று போட ஆளில்லை.
நானே சிவப்புப் பேனையால் போட்டேன்.

புரட்டாதி. வெறுவயிற்றில் 138.
போன முறை 131. கூடியிருக்கிறது.
மிஸ்ஸி பார்த்தா, நான் கூரையைப் பார்த்தேன்.
நிறை 77.
இடுப்பு முப்பத்தெட்டரை அங்குலம்.
எலி நாடாவைத் திருப்பித் தந்துவிட்டது.